கடற்கரை ஊரில் குறும்பட விழா: எந்த மாதம், எந்தப் படம், யாருக்கு?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் திருப்பாலைக்குடிக்கும் இடையில் இருக்கும் ஒரு மீனவ ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நண்பர்கள் சேர்ந்து எங்கள் கடற்கரையில் இரண்டு நாள் சுயாதீனக் குறும்பட விழா நடத்த நினைக்கிறோம். எந்த மாதம் வைப்பது, படங்களை எங்கே பிடிப்பது, என்ன அனுமதி வாங்க வேண்டும், செலவுக்கு என்ன வழி, ஊர்க்காரர்கள் வந்து உட்காருவார்களா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற நான்குக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

நம் பக்கம் நடக்கிற பெரும்பாலான குறும்பட விழாக்களில் பார்வையாளர்களாக உட்கார்ந்திருப்பவர்கள் படம் எடுத்தவர்களும் அவர்களுடைய நண்பர்களும்தான். தன் படம் ஓடி முடிந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் நாற்பதாவது படம் ஓடும்போது அரங்கில் புரொஜெக்டர் ஓட்டுகிறவரும் நாற்பத்தோராவது படத்தின் இயக்குநரும் மட்டும் இருப்பார்கள். சென்னையில் அப்படி நடந்தால் யாருக்கும் நட்டமில்லை. உங்கள் ஊரில் அப்படி நடந்தால் அடுத்த வருஷம் இடம் கேட்கும்போது தரமாட்டார்கள். அதனால் விழா ஊருக்காக என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இரண்டு இரவுக்கு மொத்தம் பதினைந்து படம் போதும். நல்ல பதினைந்து படம் தேடிப் பிடிப்பதே பெரிய வேலை.

ஊருக்காக என்றால் தேதியைக் கடல்தான் சொல்லும். வங்கக் கடல் பக்கம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மற்ற நாட்களில் நம் மாவட்டத்தில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகு மீதி நாட்கள் என்று முறை வைத்துப் போகிறார்கள். இதனால் ஊரே ஒன்றாகக் கரையில் இருக்கும் இரவு தடைக்காலத்துக்கு வெளியே சுலபமாகக் கிடைக்காது. தடைக்காலத்திலும் ஏப்ரல் கடைசியும் மே முதல் பாதியும்தான் நல்ல நேரம். பள்ளிக்கூடம் லீவு. போகப்போகப் பலர் கேரளக் கரைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். மே கடைசியில் கச்சான் எனும் மேல்காற்று வலுத்துவிட்டால் திரை நிற்காது. பிப்ரவரி, மார்ச்சில் கடல் அழகாக இருக்கும்தான். ஆனால் அது பரீட்சைக் காலம். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுப் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்தால் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும். அந்த மாதங்களை மறந்துவிடுங்கள்.

அதற்குள் ஊர்க் கொண்டாட்டங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முளைப்பாரி எடுக்கிற வாரத்திலோ, மாதா கோயில் கொடி ஏறியிருக்கும் நாட்களிலோ போட்டிக்கு நிற்கக் கூடாது. ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு இஸ்லாமிய நாட்காட்டியின் துல்கஃதா மாதத்தில் வருவதால் ஆண்டுதோறும் பதினோரு நாள் போல முன்னே நகரும். இந்தச் சில ஆண்டுகளாக மே மாதத்தை ஒட்டித்தான் விழுகிறது. தேர்தல் வருஷம் என்றால் நன்னடத்தை விதி இருக்கும்போது கூட்டம் கூட்டத் தனி அனுமதி தேவைப்படும். இவ்வளவையும் கழித்துவிட்டால் கையில் இரண்டு மூன்று வாரக் கடைசிதான் மிஞ்சும்.

நிலாவையும் கணக்கில் எடுங்கள். இதை யாரும் யோசிப்பதில்லை. பௌர்ணமியன்று திறந்தவெளித் திரையில் இருட்டுக் காட்சி ஒன்றும் தெரியாது. சரி, அமாவாசையை ஒட்டி வைக்கலாமே என்றால், தடைக்காலத்திலும் நாட்டுப்படகு, வல்லம் கடலுக்குப் போகும். நிலா இல்லாத இரவுதான் வலைக்கு நல்லது என்பது அவர்கள் கணக்கு. திரைக்கும் இருட்டு வேண்டும், வலைக்கும் இருட்டு வேண்டும். நடுவில் ஒரு வழி இருக்கிறது: பௌர்ணமி கழிந்து மூன்றாம், நான்காம் நாள். நிலா நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிஷம் தாமதமாக எழும். சங்கடஹர சதுர்த்தி விரதம் இருக்கிறவர்களைக் கேளுங்கள், நிலா பார்த்துச் சாப்பிட ஒன்பது மணியாகிவிடும் என்பார்கள். முன்னிரவின் பெரும்பகுதி உங்களுக்கு இருட்டு கிடைக்கும், முழு இருட்டு நாட்களில் அவர்கள் தொழிலையும் கெடுக்கவில்லை.

மே மாதத்தில் நம் கரையில் சூரியன் 6.25 மணி வாக்கில் மறைகிறது. ஏழே காலுக்குத்தான் திரையில் படம் தெளிவாகத் தெரியும். இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருப்பது. விதியை விடுங்கள், மீன் விற்கப் போகும் பெண்கள் விடியுமுன்பே எழுந்திருக்க வேண்டும். பத்துக்குமேல் அவர்களை உட்கார வைப்பது பாவம். ஆக, ஓர் இரவுக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். அதில் படங்களுக்கு ஒன்றரை மணி, பேச்சுக்கு ஒரு மணி. பத்து, பன்னிரண்டு நிமிஷப் படங்களாக ஏழு எட்டு. இதனால்தான் பதினைந்து என்றேன்.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் இதே போல நடத்துகிறவர்கள், பெண்களுக்கு எது வசதி என்று பெண்களிடமே கேட்டுவிடுங்கள். திறந்தவெளிக்கு வர யோசிக்கிறவர்கள், பகல் இரண்டு மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் ஜன்னலை அடைத்து அதே படங்களைப் போட்டால் கூட்டமாக வரக்கூடும். ராத்திரிக் காட்சியைவிட அந்தப் பகல் காட்சியில்தான் பேச்சு நன்றாக வரும் என்பது என் எண்ணம்.

அடுத்து இடம். கடற்கரை மணலில், அலை ஓசைக்கு நடுவே திரை என்று கற்பனை செய்திருப்பீர்கள். போஸ்டருக்கு நன்றாக இருக்கும். ஆனால் பங்குனி ஆமை ஜனவரி முதல் முட்டையிட வருகிறது. தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகரும், திரை வெளிச்சம் அதைக் கடலுக்குப் பதிலாகக் கரைக்கு இழுத்துவிடும். ராமேஸ்வரம் தீவில், அரிச்சல்முனைப் பக்கம் யாராவது இப்படி விழா யோசித்தால் அந்த எண்ணத்தையே கைவிடச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் சேற்றுக் கரை. இருந்தாலும் கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே வாருங்கள். மீன் ஏலக்கூடத்துச் சுவர், வலை பின்னும் கூடம், பள்ளி மைதானம் இவற்றில் ஒன்றைப் பாருங்கள். மழை வந்தால் மாற்று இடமாக, சுனாமிக்குப் பிறகு கட்டிய பல்நோக்குப் பாதுகாப்பு மையம் ஏதும் அருகில் இருந்தால் அதற்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வையுங்கள்.

சுவர் என்று சொன்னேன். அதுதான் என் முதல் சிபாரிசு. பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் இரண்டு கோட் அடித்த சுவரைவிட மலிவான, உறுதியான திரை கிடையாது. துணித் திரைதான் என்றால் காற்றுக் கணக்கைப் பாருங்கள். 16 அடிக்கு 9 அடித் திரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் 70 கிலோ எடை இழுப்பதற்குச் சமம். காற்று 45 ஆனால் அது 150 கிலோவைத் தாண்டும். வேகம் ஒன்றரை மடங்குதான், இழுவை இரண்டேகால் மடங்கு. பந்தல்காரர் கட்டும் சவுக்குக் கம்பும் சணல் கயிறும் இதற்குத் தாங்காது. வல்லத்துக்குப் பாய் கட்டிப் பழகிய பெரியவர் யாராவது இருந்தால் அவர் கையில் ஒப்படையுங்கள். எந்த மூலையைத் தளர்த்த வேண்டும், காற்று திரும்பினால் எதை முதலில் அவிழ்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். விழாக் குழுவில் அவருக்கு ஒரு வேலை கிடைத்ததும் அவர் வீட்டுச் சனமெல்லாம் படம் பார்க்க வந்துவிடும், அது வேறு லாபம்.

புரொஜெக்டர் விஷயத்தில் ஏமாறாதீர்கள். திரையரங்குத் திரைக்கு 16 அடி-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் என்பது வழக்கமான அளவு. 5000 லூமென்ஸ் புரொஜெக்டர் 24 அடி அகலத் திரையில் கணக்குப்படி கிட்டத்தட்ட அந்த அளவைத் தரும். ஆனால் வாடகைக்கு வருவதில் விளக்கு பழசாகியிருக்கும், தெருவிளக்கும் டீக்கடை பல்பும் கூடவே நிற்கும். அதனால் 16 அடி அகலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'எல்.ஈ.டி. மினி, பத்தாயிரம் லூமென்ஸ்' என்று ஆன்லைனில் விற்பதை நம்பி வாங்க வேண்டாம். உப்புக் காற்று லென்ஸில் மெல்லிய படலமாகப் படியும். இடைவேளையில் ஒருமுறை துடைக்க ஆள் போடுங்கள். ஜெனரேட்டரைக் காற்று போகும் திசையில் தள்ளி வைத்தால் சத்தமும் புகையும் கூட்டத்துப் பக்கம் வராது.

ஒலிக்கு ஊர் ரேடியோ செட்டுக்காரரே போதும். ஆனால் அவர் பழகியது பாட்டுக்கு. எக்கோவையும் பாஸையும் ஏற்றியே வைத்திருப்பார். வசனம் புரிய வேண்டுமென்றால் இரண்டையும் குறைக்கச் சொல்ல வேண்டும், அதுவும் மரியாதையாக. முதல் நாள் ராத்திரி அதே இடத்தில் எல்லாப் படங்களையும் முழுசாக ஓட்டிப் பாருங்கள். ஒரு படம் கத்தும், அடுத்தது முணுமுணுக்கும். அளவைப் படத்துக்குப் படம் குறித்து வையுங்கள். எல்லாம் ஒரே வகைக் கோப்பாக, 1080பி எம்பி4 ஆக இருக்கட்டும். இன்னொரு பிரதி பென் டிரைவில். லேப்டாப்பில் வாட்ஸப்பை மூடிவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் வீட்டு விஷயம் 16 அடியில் வரும்.

இனி படங்கள். விழாக்களுக்குப் படம் அனுப்பும் இணையதளமான ஃபிலிம்ஃப்ரீவேயில் இலவசமென்று ஓர் அழைப்புப் போட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வந்து குவியும். முக்கால்வாசிப் பேர் உங்கள் ஊரின் பெயரைக்கூடப் படித்திருக்க மாட்டார்கள். கட்டணம் வைத்து மாதாமாதம் ஆன்லைனில் விருது கொடுக்கிற கடைகளும் அங்கேதான் இருக்கின்றன, அந்தக் கூட்டத்தில் உங்களையும் சேர்த்துவிடுவார்கள். நீங்களே தேடிப் போவதுதான் நல்லது. திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்திர அகாடமி 2008 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறது; மும்பை சர்வதேச விழா 1990இல் தொடங்கியது. இவற்றின் பழைய நிகழ்ச்சி ஏடுகளை எடுத்து, கடல், உப்பு, மீன், இடப்பெயர்வு என்று வரும் படங்களைக் குறித்து இயக்குநர்களுக்கு நேரடியாக எழுதுங்கள். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி, மதுரை, சென்னைக் கல்லூரிகளின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறைகள் ஆகியவற்றில் மாணவர் படங்கள் முடங்கிக் கிடக்கின்றன, கேட்டால் தருவார்கள். யார் தந்தாலும், இன்ன தேதியில் இன்ன ஊரில் திரையிட அனுமதிக்கிறேன் என்று எழுத்தில் வாங்குங்கள். யூடியூபில் இருக்கிறதே என்று இறக்கிப் போடுவது திருட்டுத்தான்.

தேர்வுக் குழுவில் சினிமா தெரிந்தவர்கள் இரண்டு பேர் போதும். மீதிப் பேர் ஊரிலிருந்து வரட்டும். ஒரு விசைப்படகு டிரைவர், கருவாடு போடும் அக்கா ஒருவர், ஒரு டீச்சர், பிளஸ் டூ முடித்த ஒரு பெண். படத்தை நடுவில் நிறுத்தி "இது எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை இருக்க வேண்டும். கிராமத்துக்குக் கிராமத்துக் கதையும் மீனவருக்கு மீனவர் கதையும்தான் பிடிக்கும் என்பது படித்தவர்களின் மூடநம்பிக்கை. ஈரானிலோ வங்காளத்திலோ எடுத்த, வசனமே இல்லாத ஒரு எட்டு நிமிஷப் படத்தை நம் ஊர்ப் பெரியவர்கள் கண் எடுக்காமல் பார்ப்பார்கள். வேற்றுமொழி வசனப் படம் என்றால் சப்டைட்டிலை மட்டும் நம்பாதீர்கள். ஊமைப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னார்களே, அது மாதிரி நல்ல குரல் இருக்கும் ஒருவரை மைக்கில் பேசவிடுங்கள். கூட்டம் அவர் பேச்சுக்காகவே உட்காரும்.

நான் ஒதுக்கச் சொல்வது வேறு வகை. தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' காலத்திலிருந்து பத்து நிமிஷப் படம் என்றால் கடைசி நிமிஷத்தில் ஒரு திருப்பம் என்று ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்கிருந்து நல்ல இயக்குநர்கள் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் இன்று அந்தப் பாணியில் ஏழு படம் வரிசையாகப் போட்டால் மூன்றாவதிலேயே கூட்டம் முடிவை முன்கூட்டிச் சொல்லிவிடும். இன்னொன்று, வெளியிலிருந்து வந்து நம் கரையை எடுத்த படங்கள். டிரோனில் அரிச்சல்முனை, இடிந்த தேவாலயம், சுருங்கிய முகத்தோடு கடலைப் பார்க்கும் கிழவர், பின்னணியில் புல்லாங்குழல். அந்தக் கிழவர் யாருக்காவது சித்தப்பாவாக இருப்பார், படத்தில் அவருக்குப் பெயர்கூட இருக்காது. ஏலம் கூவுகிறவரின் வேகம், ஐஸ் உடைக்கிற பையன்களின் கிண்டல், படகு முதலாளியான சம்மாட்டிக்கும் டிரைவருக்கும் நடக்கும் கணக்குச் சண்டை இவையெல்லாம் உள்ள படம் வந்தால் அது கொஞ்சம் ஆடினாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, நிதானமாகக் கேளுங்கள். கடல் அட்டை பிடிக்க 2001 முதல் தடை; வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை, அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் பாம்பன் சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் தலைமுறைகளாக மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுத்து வந்திருக்கிறார்கள். வனத்துறையோடு அவர்களுக்கு நெடுநாள் இழுபறி. இப்போது யோசியுங்கள். ஒரு மாணவர் நல்ல எண்ணத்தோடு ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறார். அதில் ஒரு பெண் தீவுக்கரையில் பாசி எடுக்கிறார், முகம் தெளிவாகத் தெரிகிறது, ஊர்ப் பெயர் வருகிறது. முன்வரிசையில் நீங்களே பொன்னாடை போட்டு உட்கார வைத்த அதிகாரி இருக்கிறார். இயக்குநர் மறுநாள் சென்னைக்கு பஸ் ஏறிவிடுவார். அந்தப் பெண் அங்கேயேதான் இருப்பார். எல்லை தாண்டிப் போனதைப் பெருமையாகச் சொல்கிற டிரைவர் வரும் படத்துக்கும் இதே கதைதான். அதனால் நம் கரையில் எடுத்த எந்தப் படத்தையும், அதில் வருகிறவர்களுக்கு முதலில் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் எவ்வளவு விருது வாங்கிய படமானாலும் எடுத்துவிடுங்கள். இலங்கைச் சிறையில் கணவர் இருக்கும் வீட்டைப் பற்றிய படம் என்றால் அந்த வீட்டாரைக் கேட்காமல் தெருவில் போடுவது அநியாயம்.

எதிர்க்கரையான இலங்கையின் படம் ஒன்றாவது போடுங்கள் என்பது என் ஆசை. யாழ்ப்பாணத்தில் 2015 முதல் ஒரு சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. அங்கே தமிழில் குறும்படம் எடுக்கிற இளைஞர்கள் நிறையப் பேர். அவர்களுடைய கடல் கதைகளில் வில்லனாக வருவது பெரும்பாலும் நம் விசைப்படகின் இழுவைமடி, அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலை. இலங்கை 2017இல் மடி இழுப்பதையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. இப்படியொரு படம் ஓடினால் கூட்டத்தில் சத்தம் எழும். விசைப்படகுக்காரர் ஒன்று சொல்வார், "எங்கள் வலையையும்தானே அறுக்கிறீர்கள்" என்று நாட்டுப்படகுக்காரர் எழுந்துவிடுவார். இந்தப் பேச்சுக்காகத்தான் விழாவே என்று நான் நினைக்கிறேன். ஆனால் முதல் இரவில் வைக்காதீர்கள். இரண்டாம் இரவு நடுவில் வையுங்கள். பேச்சை நடத்துவது வெளியூர்க்காரராக இருக்கக் கூடாது. இரு தரப்பும் மதிக்கிற ஓர் ஊர்ப் பெரியவரோ ஆசிரியரோ இருக்கட்டும். அந்தப் படத்துக்குப் பிறகு உடனே ஒரு சிரிப்புப் படம் போட்டு மூடி மறைக்க வேண்டாம், பேசி முடிக்க நேரம் கொடுங்கள்.

மண்டபத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்கும் இதைக் கொண்டுபோகலாம். அங்கே திரையிட முன்கூட்டியே மாவட்ட நிர்வாகத்தில் எழுதிக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும், அலைச்சல்தான். ஆனால் எதிர்க்கரைத் தமிழில் வசனம் வரும் படத்தை ரசிக்க அவர்களைவிடச் சரியான கூட்டம் நம் மாவட்டத்தில் இல்லை.

கூட்டம் வர நிச்சயமான வழி, ஊரே எடுத்த படம். விழாவுக்கு முந்தின வாரம் ஐந்து நாள் பட்டறை வையுங்கள். கையிலிருக்கும் போன், ஒரு காலர் மைக், படத்தொகுப்புக்கு இலவச செயலி. மூன்று நிமிஷப் படம், ஆளுக்கொன்று என்றில்லாமல் நான்கு பேருக்கு ஒன்று. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இப்போது எழுபதை ஒட்டி இருக்கிறார்கள். உங்கள் பக்கத்திலும் அந்தப் புயலைப் பார்த்த கண்கள் இருக்கும். பேரப்பிள்ளை கேள்வி கேட்டால் சொல்வார்கள், கேமராக்காரர் கேட்டால் சொல்ல மாட்டார்கள். டிரோன் மட்டும் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம், எதிரே சர்வதேசக் கடல் எல்லை. நம் கரையில் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் விழாவைக் காவல் நிலையத்தில் கொண்டாட வேண்டியிருக்கும்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி பொதுமக்களுக்குத் திரையிடும் படத்துக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். குறும்படம், இலவசக் காட்சி என்பதெல்லாம் அதற்கு விலக்கு ஆகாது. விழாக்களுக்கு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு தரும். படப் பட்டியல், கதைச் சுருக்கத்தோடு முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். 1959இல் உருவான இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பில் பதிவான சங்கம் எதனோடாவது சேர்ந்து நடத்தினால் இந்த வேலை தெரிந்த ஆள் ஒருவர் கூடவே கிடைப்பார். தமிழ்நாட்டில் திரையிடல் உரிமம் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் இருக்கிறது, எனவே ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம். ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் காவல் நிலையம், இடத்துக்கு ஊராட்சி. எல்லாவற்றுக்கும் முன்னால் ஊர்க் கூட்டம். ஊர்க் கூட்டத்தில் ஒத்துக்கொண்டார்கள் என்றால் மற்ற கதவுகள் கொஞ்சம் சீக்கிரம் திறக்கும். படத்தில் சினிமாப் பாட்டு ஓடுகிறதா என்றும் பாருங்கள். உரிமை வாங்காத பாட்டு இருந்தால் இயக்குநரிடம் சொல்லி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பணத்துக்கு முன்மாதிரி இருக்கிறது. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984இல் தொடங்கிய ஒடேசா இயக்கம் கேரளத்தில் ஊர் ஊராகப் படம் காட்டி, துண்டு ஏந்திக் காசு சேர்த்து, அந்தக் காசில் முழுநீளப் படமே எடுத்தது. கோரக்பூரில் 2006இல் தொடங்கிய எதிர்ப்பு சினிமா விழா நிறுவன விளம்பரம் எதுவும் வாங்காமல் மக்கள் நன்கொடையிலேயே நடந்து, பிற ஊர்களுக்கும் பரவியது. நீங்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடச் சொல்லிக் கேட்காதீர்கள். முதல் வருஷம் அது சண்டையில் முடியும். பொருளாகக் கேளுங்கள்: ஒருவர் ஜெனரேட்டர், ஒருவர் டீசல், ஒருவர் இரண்டு மூட்டை அரிசி, தண்ணீர் லாரி ஒன்று. இறால் பண்ணை, அனல்மின் நிலையம் மாதிரி ஊரில் வழக்கு நடக்கும் கம்பெனிகளின் பேனர் மட்டும் திரைக்குப் பக்கத்தில் வரக் கூடாது. விளம்பரத்துக்கு பாம்பன் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியைக் கேட்டுப் பாருங்கள். மீனவர்களுக்காக 2016 முதல் ஓடுகிறது. தீவிலும் மண்டபம் பக்கமும் அது போஸ்டரைவிட நன்றாக வேலை செய்யும். உங்கள் ஊர் வரை அலை எட்டாது, அங்கே ஆட்டோ மைக்தான்.

மேடையைச் சின்னதாக வையுங்கள். சிறப்பு விருந்தினர் ஒருவர், பேச்சு ஐந்து நிமிஷம், அதுவும் படங்கள் முடிந்த பிறகு. வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை என்று நோட்டீஸில் பத்து பேர் போட்டால் எட்டரைக்கு முதல் படம் தொடங்கும். பரிசு கட்டாயமில்லை. வேண்டுமென்றால் பார்வையாளர் பரிசு ஒன்று: படத்துக்கு ஒரு வாளி, வாசலில் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, பிடித்த படத்தின் வாளியில் போட்டுவிட்டுப் போகட்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிக்கும் ஓட்டு உண்டு. பரிசுக் கேடயத்துக்குச் செலவழிப்பதைவிட, திரையிடும் ஒவ்வொரு படத்துக்கும் சின்னத் தொகையாவது இயக்குநருக்குக் கொடுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவரை லாட்ஜில் போடாமல் வீடுகளில் தங்க வையுங்கள். மீன் குழம்பு சாப்பிட்டவர் அடுத்த படத்தையும் உங்களுக்கே முதலில் அனுப்புவார்.

முடிந்த வாரமே வரவு செலவை ஏலக்கூடப் பலகையில் எழுதி ஒட்டுங்கள், டீ வாங்கிய காசு உட்பட. பட்டறையில் எடுத்த படங்களின் பிரதிகளைப் பள்ளிக்கும் ஊர் நூலகத்துக்கும் கொடுங்கள். பேட்டி கொடுத்த பெரியவர் வீட்டுக்கு ஒரு பென் டிரைவ் போகட்டும். மற்றவர்களின் படங்களை, அனுமதித்த தேதி முடிந்ததும் லேப்டாப்பிலிருந்து அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று இயக்குநருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.